சக்கரம் தரையைத் தொட்ட பிறகு



இந்த வாரம் ஒரு சிறிய ரப்பர் துண்டைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உங்களில் பலர் அதைக் கண்ணால் கண்டிருக்கமாட்டீர்கள். ஆனால் காரிலோ வேனிலோ ஏறி அமரும்போதெல்லாம் அது உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ‘புஷ்’ என்பார்கள்.

நம் மாவட்டத்துச் சாலைகளை நீங்கள் அறிவீர்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் லாரிகளுக்குப் பின்னால் செல்லாதவர் நம்மில் யார்? அந்தப் பள்ளங்களில் எங்கள் பழைய காரும் பல ஆண்டுகளாக ஏறி இறங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை என் தாயாரைக் கும்பகோணத்தில் உள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்வேன். கங்கைகொண்டசோழபுரத்தைக் கடந்து, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டிப் போகும் பயணம் அது.

சில மாதங்களுக்கு முன்பு, பள்ளத்தில் இறங்கும்போது இடது முன்சக்கரத்தின் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. என் மகன் அன்றே சொன்னான்: “அப்பா, லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கு. மாத்திடணும்.” நான் பதில் சொல்லவில்லை. பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மகன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர்ந்தவன். போதகரின் மகன் கையில் கிரீஸோடு நிற்பது எனக்குத் தலைகுனிவாக இருந்தது. அவனைத் திட்டியதில்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளாக அவனிடம் மனம்விட்டுப் பேசியதும் இல்லை. அவன் சொன்னது சரியாக இருந்தாலும், சொன்னவன் அவன் என்பதாலேயே அது என் காதில் ஏறவில்லை.

சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து திரும்பும் வழியில் ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்தினேன். கார் நேரே நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, சாலையோரத்துப் புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. பின் இருக்கையில் இருந்த அம்மா, “என்னப்பா ஆச்சு?” என்று மட்டும் கேட்டார்கள். என் கைகள் நடுங்கின.

அன்று மாலை மகனிடம் போய், “எனக்குக் கத்துக்கொடு, ரெண்டு பேருமா மாத்துவோம்” என்றேன். அவன் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஸ்பேனர் பெட்டியை எடுத்து வந்தான்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் காரைத் தூக்கி, ஸ்டாண்டின்மேல் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகக் கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொன்னான். சக்கரத்தைக் கழற்றி, பால் ஜாயிண்டைப் பிரித்து, லோயர் ஆர்மை வெளியே எடுத்தோம். வண்டிச் சட்டத்தையும் சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் கை அது. அதன் உட்பக்க முனைகளில் இரண்டு புஷ்கள் இருந்தன. ஒன்றில் ரப்பர் வெடித்து, நடுவில் இருந்த இரும்புக் குழலை விட்டே பிரிந்திருந்தது. சத்தமும் இழுப்பும் வந்த இடம் அதுதான்.

பழைய புஷ் எந்தத் திசையில் இருந்தது என்று முதலில் அடையாளமிட்டான். பிறகு நீண்ட போல்ட், தடித்த வாஷர்கள், ஒரு குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கொண்டு அதை மெல்ல இழுத்து வெளியேற்றினான். புதியதைச் செருக எண்ணெய் தடவப் போனேன். “எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிக் கெட்டுடும்பா, சோப்புத் தண்ணி போதும்” என்று தடுத்தான்.

எல்லாவற்றையும் மாட்டிய பின், வேலை முடிந்ததென்று நான் போல்ட்டை முழு பலத்தோடு முடுக்கத் தொடங்கினேன். மகன் என் கையைப் பிடித்தான். “இப்ப வேணாம்பா. சக்கரம் தொங்குது. தரையில இறக்கி, வண்டியோட பாரம் அதுமேல உட்கார்ந்த பிறகுதான் கடைசியா முடுக்கணும்.”

காரணத்தையும் விளக்கினான். புஷ்ஷில் உள்ள ரப்பர் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டியிருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது அது வழுக்கிச் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு மீள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். ஓய்வே இல்லாமல் இழுபட்டு, புதிய புஷ்ஷும் சீக்கிரத்தில் கிழிந்துபோகும். பாரத்தைச் சுமந்து நிற்கும் நிலையில் இறுக்கினால், அதுவே அதன் இயல்பான நிலையாகிவிடும்.

பிரியமானவர்களே, காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்த எனக்கு அந்த வார்த்தைகள் பிரசங்கமாகவே கேட்டன. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நாம் செய்யும் தீர்மானங்களை எண்ணிப் பாருங்கள். உள்ளம் உயர்ந்து நிற்கும் நேரத்தில், எந்தப் பாரமும் இல்லாமல் அவற்றை இறுக்கிவிடுகிறோம். தை பிறப்பதற்குள் அவை கிழிந்துபோகின்றன. என் மகன் பிறந்த அன்று, ‘இவன் எப்படி வளர்ந்தாலும் அன்பு செய்வேன்’ என்று நானும் வாக்குக் கொடுத்தேன். அது சக்கரம் தொங்கிய நேரத்து வாக்கு. அவன் நான் விரும்பாத வழியில் போனபோதுதான் அதன்மேல் பாரம் ஏறியது. அப்போது அதை மறுபடி முடுக்க நான் குனியவில்லை.

காரை இறக்கி, சில முறை அழுத்தி அசைத்துவிட்டு, போல்ட்டுகளை அதற்குரிய அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினோம். மறுநாள் ஜெயங்கொண்டத்தில் வீல் அலைன்மெண்ட்டும் பார்த்தோம். திரும்பும் வழியில் நான் பாட்டு வைக்கவில்லை. “உன்கிட்ட முன்னமே கேட்டிருக்கணும்பா” என்றேன். அவன் சாலையைப் பார்த்தபடியே, “பரவாயில்லப்பா” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “வலப்பக்க புஷ்ஷும் பழசுதான், அடுத்த வாரம் மாத்தலாமா?” என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரிய ஈவு என்பதைத் தகப்பன்மார் அறிவீர்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு ‘டொக்’ சத்தம் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வண்டியிலானால் இந்த வாரமே பட்டறைக்குப் போங்கள். உறவிலானால் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அதைச் சொல்லுகிறவரின் அருகில் போய் உட்காருங்கள். பாரம் உங்கள்மேல் இருக்கும்போதே, கொடுத்த வாக்கை இன்னொரு முறை முடுக்குங்கள். தேவன்தாமே அதற்கான தாழ்மையை உங்களுக்கும் எனக்கும் தருவாராக. ஆமென்.