நரம்புக் கோளாறு

'நரம்புக் கோளாறு' என்றால் நம்மவர் அகராதியில் மனக் கோளாறு என்றுதான் பொருள். என் அக்காளின் இரைப்புக்குப் புக்ககத்தார் சூட்டிய பெயரும் அதுதான். தாளிக்கும் நெடியிலும் குளிர் காற்றிலும் அவளுக்கு மூச்சு இழுக்கும். உடனே, "வேலைக்குப் பயந்து வரும் இருமல்" என்று பேச்சு எழும். தில்லிக்கு மருத்துவம் படிக்க வந்த நான் இதைத் தேடிப் படித்தேன். எழுத்தில் கொஞ்சம் கோபம் கலந்திருந்தால் அன்பர்கள் பொறுத்தருள்க.

மூச்சுக் குழாயின் உட்சுவரில் மெல்லிய உணர்வு நரம்பு முனைகள் பரவிக் கிடக்கின்றன. மிளகாயின் காரச் சத்தான காப்சைசின் பட்டதும் சேதி மூளைக்கு ஓடுகிறது, இருமுகிறோம். அதோடு விட்டால் தொல்லையில்லை. சேதி போகும் வழியில், நரம்பு கிளை பிரியும் இடத்தில், பக்கத்துக் கிளையிலும் இறங்கி மறுபடி சுவருக்கே வந்து விடுகிறது. மேலதிகாரிக்குப் போகவேண்டிய தந்தியைத் தெருவெல்லாம் வாசித்துக்கொண்டு போகிற சேவகனைப் போல! அங்கே நரம்பு முனை 'சப்ஸ்டன்ஸ் பி' முதலிய பொருள்களைக் கக்குகிறது. (1931-இல் ஆய்லரும் கேடமும் கண்ட பொருள் இது.) இரத்த நாளம் கசிகிறது, சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, தசை சுருங்குகிறது. கிருமி ஒன்றும் நுழையாமலே அழற்சி! சிகரெட் புகையும் இவ்வழியே எலியின் மூச்சுக் குழாயை வீங்கச் செய்வதை லுண்ட்பெர்கும் சாரியாவும் 1983-இல் காட்டினார்கள்.

சப்ஸ்டன்ஸ் பி-யை உடைத்தெறிய உடம்பில் ஒரு நொதி உண்டு. வைரஸ் தொற்றும் புகையும் அந்த நொதியையே குன்றச் செய்வதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். ஆஸ்துமாக்காரருக்கோ உட்படலம் உரிந்து நரம்பு முனைகள் வெறுமையாக நிற்பதும் உண்டு. பிறருக்கு வெறும் நெடியாக இருப்பது அவர்களுக்குத் தாக்குதலாகிறது. இதில் நடிப்பு எங்கே வந்தது?

என் கட்சிக்குப் பாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். எலியிலும் கினிப் பன்றியிலும் தெளிவாகத் தெரிவது மனிதரில் அவ்வளவு தெரிவதில்லை. சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கும் மருந்துகள் ஆஸ்துமாவில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நோய் முழுவதும் நரம்பின் வேலையல்ல; உறிஞ்சும் ஸ்டீராய்டுதான் இன்றும் முக்கிய மருந்து. அக்காள் அதைப் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

காரத்தை உணரும் வாயிலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. வேறொரு நரம்பு வாயிலை அடைக்கும் கெஃபாபிக்ஸன்ட் என்னும் மருந்தை, நாட்பட்ட இருமலுக்காக 2022-இல் ஜப்பான் அனுமதித்தது. ஒரு சங்கடம்: அதே வாயில் நாக்கின் சுவை நரம்புகளிலும் இருப்பதால், மருந்தை விழுங்குவோரில் பலருக்கு வாய் ருசி மாறிப் போகிறது.