குளத்து ஆமைகள்

சென்ற விடுமுறையில் யாம் நால்வர் அஸ்ஸாமிற்கு யாத்திரை போயிருந்தபொழுது, காமரூப ஜில்லாவிலுள்ள ஒரு கோயிற் குளக்கரையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தோம். அக்குளத்து ஆமைகளைத் திருமாலின் கூர்மாவதாரமெனக் கொண்டு, ஊரார் எவரும் அவற்றிற்குத் தீங்கிழையார். யாமும் கடையில் ரொட்டி வாங்கிப் பிய்த்தெறிந்தோம். நீண்ட கரிய மூக்குகள் பல நீர்மேல் எழுந்தன. தர்மம் செய்தோமென்னும் பெருமிதம் எமக்கு இல்லாமற் போகவில்லை.

அவை கரிய மெல்லோட்டாமைகள். அவற்றின் முதுகில் கெட்டியான செதில்கள் இல்லை. தோல் போர்த்த ஓடே உண்டு. 1875-ம் வருஷத்தில் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பண்டிதர் இவ்வினத்தை முதன்முதல் விவரித்தது, சிட்டகாங்கிலுள்ள பாயஸீத் பொஸ்தாமி தர்காக் குளத்து ஆமைகளைக் கொண்டேயாம். அப்பெரியார் தீய ஆவிகளை ஆமைகளாக்கினார் என்பது அவ்வூர்க் கதை. இங்கே தெய்வம், அங்கே சபிக்கப்பட்ட ஆவி. எனினும் இரு சமயத்தாரும் ஒருங்கே உணவிடுகின்றனர்! ஆற்றில் அவற்றைப் பிடித்துத் தின்றோர்க்கோ கதை ஏதும் தேவைப்படவில்லை. 2002-ம் வருஷத்தில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார், இவ்வினம் இயற்கை நிலையில் அற்றுப்போயிற்று என்றே முடிவு கூறினர். பிரமபுத்திரா நதிப் பிரதேசத்தில் சில காணப்பட்டபின், 2021-ல் அம்முடிவை மாற்றி, மிகக் கொடிய அபாயத்திலுள்ள இனங்களுள் ஒன்றாக வகுத்தனர்.

யாம் ரொட்டி எறிவதைப் பார்த்திருந்த முதிய கோயிற் பணியாளர் ஒருவர், "பாபு, தின்பதற்குத் தருகின்றீர்கள், முட்டையிட மண் தருவார் யார்?" என்று ஹிந்துஸ்தானியில் வினவினார். யாம் அப்பொழுதுதான் எம் காலடியை நோக்கினோம். நாற்புறமும் கல்லும் சிமிட்டியும்! யாத்திரிகர் காலிற் சேறு படாதிருத்தற்பொருட்டுக் கட்டிய படிகள் அவை. தாய் ஆமையோ, கரையேறி நெகிழ்ந்த மண்ணைத் தோண்டியன்றி முட்டையிட மாட்டாது. எம் போன்றார் வசதிக்காகவே அதன் ஈற்றறை மூடப்பட்டது. எறிந்த ரொட்டியும் அதற்கு இயற்கையான உணவன்று. மிஞ்சியது நீரைக் கெடுக்கும்.

ஹாஜோவிலுள்ள ஹயக்ரீவ மாதவர் கோயிலில் முட்டைகளைத் திரட்டி மணலில் வைத்துப் பொரிக்கச் செய்கின்றனர் என்றும், அவ்வாறு வளர்ந்த குஞ்சுகள் சில 2017-ல் பொபிதோரா வனவிலங்குச் சரணாலயத்து நீர்நிலையில் விடப்பட்டன என்றும் பின்னர் அறிந்தோம். அன்று மாலை அஃதொன்றும் அறியோம். கையில் எஞ்சிய ரொட்டியை என் செய்வதென்று விளங்காமல் நின்றோம். பெரிய ஆமையொன்று படியோரம் வந்து, கல்லை நகத்தால் இருமுறை கீறி, மீண்டும் நீருள் அமிழ்ந்தது. அது ரொட்டிக்காகவே வந்தது என்றார் நண்பர் ஒருவர். அவ்வாறும் இருக்கலாம்.