கிடைமாட்டின் குணம்

புலிக்குளம் மாட்டை முரட்டு மாடு என்கிறவர்கள் அதை வாடிவாசலில் மட்டும் பார்த்தவர்கள். நான் பார்த்தது திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே, நெல் அறுத்த வயலில் கிடை போட்டிருந்தபோது. மூக்கணாங்கயிறு கிடையாது, முளைக்குச்சி கிடையாது, வேலியும் கிடையாது. பசுக்கள் வெட்டவெளியில் படுத்து அசைபோட்டன. கன்றுகளை மட்டும் ஓரமாகக் கட்டியிருந்தார்கள். சாணமும் மூத்திரமும் நிலத்துக்கு, கிடைக்கூலி மந்தையை நடத்தும் கீதாரிக்கு.

நான் வரப்பில் ஏறியதும் முன்னால் கிடந்த மாடுகள் எழுந்துவிட்டன. காது விறைத்தது, மூச்சு சீறியது. கீதாரி தூரத்திலிருந்தே இரண்டு தரம் குரல் கொடுத்தார். அவ்வளவுதான், தலைகள் தாழ்ந்தன.

“அங்கனயே நில்லுங்க தம்பி. உங்க வாடை அதுகளுக்குப் பழகட்டும்.”

விடியக்காலையில் ஒரு பசுவைக் கறந்தார்கள். கன்றை அவிழ்த்துவிட்டதும் அது மடியை முட்டி முட்டிக் குடித்தது, காம்புகள் விம்மின. கன்றைத் தாயின் முன்னங்காலோடு கட்டிவிட்டுக் கீதாரி குந்தி உட்கார்ந்தார். செம்பில் நுரை எழும்பியது. நன்றாகப் பார்க்க நான் நாலடி நெருங்கினேன். பசுவின் வயிறு இறுகியது, பின்னங்கால் உயர்ந்தது, பால் நின்றது.

“எக்கிக்கிருச்சு தம்பி. இனி கன்னுதான் குடிக்கும்.”

பால் இறங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் மூளையிலிருந்து வருகிறது. மிரண்டால் சுரக்கும் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். கால்நடை மருத்துவம் சொல்லும் இந்தக் கணக்கு கீதாரிக்குக் கைப்பழக்கம்.

அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் கலப்பின ஜெர்சி வேறு மாதிரி. கன்று இல்லாமலே சுரக்கும், ஆள் மாறினாலும் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. ஜெர்சித் தீவுக்காரர்கள் 1789-இல் வெளிமாடு வரத் தடை போட்டுத் தங்கள் இனத்தைக் காத்தவர்கள். கட்டுத்தறியில் நின்று கறவைக்குப் பழகிய மாடுகளையே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். ஆனால் ஜெர்சிக் காளை ஆளைக் குத்துவதில் பேர்போனது. சாதுவான இனம், முரட்டு இனம் என்று ஒரே சொல்லில் முடிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. இரவில் நரியும் திருடனும் வருகிற பொட்டலில் கிடக்கும் மாடு அந்நியனைக் கண்டு எழத்தான் வேண்டும். அந்த விழிப்பு கிடைக்காரர்களுக்கு வேண்டியது.

ஆட்டிலும் இதே கதைதான், இனத்துக்கொரு குணம். பந்தல்குடிப் பக்கம் உச்சிவெயிலில் வேம்பூர்ப் பொட்டுச் செம்மறிகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்து ஒரே திரளாக நின்றன. கூட இருந்த கன்னி வெள்ளாடுகளோ பின்னங்காலில் எழுந்து கருவேலங்காயை எட்டிக்கொண்டிருந்தன. முகத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செம்மை ஓடினால் செங்கன்னி. செம்மறிக் கூட்டத்தில் நாலு வெள்ளாட்டைச் சேர்த்து ஓட்டுவது மேய்ப்பவர்களின் உத்தி. வெள்ளாடு துணிந்து ஓடையில் இறங்கும். செம்மறி பின்னாலேயே வந்துவிடும்.

இந்த அறிவு எந்தப் பால் கணக்குப் பட்டியலிலும் ஏறுவதில்லை. மாடு வாங்கப் போகிறவர்கள் லிட்டர் கணக்கோடு நிற்காமல், ஒருவேளையாவது தங்கள் கையால் கறந்து பாருங்கள். வயல் வைத்திருக்கிறவர்கள் அறுப்பு முடிந்ததும் உரக்கடைக்குப் போகும் முன்னே ஒரு கீதாரிக்குச் சொல்லி அனுப்புங்கள்.