பயிற்சிக்கா, வேலைக்கா?

கப்பலில் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்று 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 97-ஆவது பிரிவு சொன்னது. இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் அதையேதான் சொல்கிறது: மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், மாலுமியின் பணிப் புத்தகமான சிடிசி ஆகியவற்றின் செலவு அவன் தலையில் விழலாம், வேலை கொடுத்ததற்கான கட்டணம் விழக் கூடாது. பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதை இவை எதுவும் தடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, இந்தத் தொழிலில் ஏஜென்ட் வாங்கும் கமிஷனுக்குப் பெரும்பாலும் ‘பயிற்சி’ என்றே ரசீது போடுகிறார்கள்.

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த இரண்டு பையன்களுக்காக நான் நடத்திய வழக்கு இந்த ஓட்டையில்தான் தொடங்கியது. கடலோர இளைஞர்களுக்கான அரசு மானியத்தில் அவர்கள் இலவசமாக ஜிபி ரேட்டிங் என்னும் அடிப்படை மாலுமிப் பயிற்சி பெற்றவர்கள். மானியம் பையன் கைக்கு வராது; பயிற்சி நிலையத்துக்குத் தவணைகளாகப் போகும். படித்தவர்களில் இத்தனை பேர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் சம்பளம் வாங்கினார்கள் என்று சான்று காட்டினால்தான் கடைசித் தவணை. பெயருக்கு வகுப்பு நடத்திக் காசு பார்ப்பவர்களைத் தடுக்க வந்த நிபந்தனை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை எழுதியவர் மனதில் இருந்தது ஆயத்த ஆடை ஆலையாக இருக்க வேண்டும். அங்கே பயிற்சி முடிந்த மறுவாரமே ஆள் எடுப்பார்கள். கப்பலிலோ ஆறு மாதப் பயிற்சி முடித்து சிடிசியைக் கையில் வைத்திருப்பவனுக்கு முதல் கப்பல் கிடைக்க ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கம்பெனிக்காரர்கள் கேட்பது ஏற்கெனவே கடலில் இருந்தவனை.

நிலையத்துக்குத் தவணை வேண்டும், பையன்களுக்குக் கப்பல் வேண்டும். நிலையத்தார் கப்பலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி, “கூடுதல் பயிற்சி” என்று ரசீது கொடுத்து ஆளுக்கு ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டார்கள். அதற்காக ஒருவனின் தகப்பனார் வள்ளத்து எஞ்சினை விற்றிருந்தார். கப்பல் வரவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்தரப்பு வைத்த முதல் வாதமே கூர்மையானது. கல்வி நிறுவனங்கள், தொழிற்பயிற்சி தருபவை உட்பட, நுகர்வோர் சட்டத்துக்குள் வர மாட்டா என்று தேசிய ஆணையம் 2020-இல் தீர்ப்பளித்திருந்தது. தங்கள் ரசீதே ‘பயிற்சி’ என்கிறது. ஆகவே மனுவே செல்லாது என்றார்கள். சட்டப்படி சரியான வாதம். ரசீதின் வாசகத்தோடு மட்டும் போராடியிருந்தால் நாங்கள் அன்றே வெளியே வந்திருப்போம்.

எங்களுக்குக் கைகொடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கோப்பு. அரசுக்கு அந்த நிலையம் கொடுத்த பயன்பாட்டுச் சான்றிதழில், பயிற்சிச் செலவு முழுவதும் மானியத்திலிருந்தே செய்யப்பட்டது, பயிற்சி பெற்ற எவரிடமும் கட்டணம் பெறப்படவில்லை என்று கையெழுத்து இருந்தது. அப்படியானால் இந்த ஒன்றரை லட்சம் எதற்கு? பயிற்சிக்கு என்றால் அரசிடம் சொன்னது பொய். வேலைக்கு என்றால் ஆணையத்தின் கதவு திறக்கும், கூடவே 97-ஆவது பிரிவும் வந்து நிற்கும். எதிர்தரப்பு வக்கீல் நல்ல மனிதர். இரண்டு வாய்தா கேட்டார், கொடுத்தார்கள்.

பிறகு அவர் எடுத்த ஆயுதம்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. சட்டம் தடுத்த காரியத்துக்குத் தெரிந்தே பணம் கொடுத்தவன், அதைத் திருப்பிக் கேட்டு எப்படி வரலாம்? இரு தரப்பும் சம குற்றவாளி என்றால் நீதிமன்றம் கைகழுவிவிடும் என்பது பழைய கொள்கை. என் பதில், அந்தப் பிரிவையே படித்துப் பாருங்கள் என்பது. அது கேட்பவனையும் வாங்குபவனையும்தான் தடுக்கிறது. கொடுப்பவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாரைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்களோ, அவனையே அதே சட்டத்தைக் காட்டி வெளியே அனுப்ப முடியாது. ஆணையம் ஏற்றுக்கொண்டது. பணம் வட்டியோடு திரும்பி வந்தது.

ஆனால் அதே கோப்பில் இன்னொரு காகிதமும் இருந்தது. இரண்டு பையன்களும் பார்த்தே இராத ஒரு கம்பெனி, அவர்கள் பெயரில் கொடுத்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள். மானியம் தந்த துறையின் பட்டியலில் இருவரும் ‘வேலையில் அமர்ந்தவர்கள்’. ஒருமுறை மானியத்தில் படித்து வேலைக்குப் போனவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பது விதி. சின்னவன் வேறொரு படிப்புக்குப் போட்ட மனு அந்த ஒரே காரணத்தால் திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்ல முடிந்த ஆணையத்தால் அரசுப் பதிவேட்டில் ஒரு வரியைத் தொட முடியாது. அதற்கு ரிட் மனு போட உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். அந்த வரியைத் திருத்தினால் துறை காட்டும் வேலைவாய்ப்புக் கணக்கிலும் ஓர் ஆள் குறையும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரியவனின் தகப்பனார், “காசு வந்துருச்சுல்லய்யா, போதும்” என்று நிறுத்திக்கொண்டார். சின்னவன் ரிட் போட்டான். அவன் வேலையில் இருந்தான் என்பதற்குச் சான்றாகத் துறை தன் பதில் மனுவோடு இணைத்திருப்பது அதே மூன்று சம்பளச் சீட்டுகளைத்தான்.