லைன் வந்தால் போதுமா?

என் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த தம்பி, சுவரிலிருந்த பழைய ரோசெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னான்: “காப்பர்ல என்ன சார் பெரிய வேலை? ரெண்டு கம்பியச் சேர்த்தா லைன் வந்துடும்.” அவன் எந்த நிறுவனத்து ஆள் என்பது முக்கியமில்லை. ஊரே இன்று அப்படித்தான் நினைக்கிறது. வேலைக்காலம் முழுக்கக் கேபிள் ஜாயின்ட்டராக இருந்தவன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் சேர்ந்தபோது தபாலும் தொலைபேசியும் ஒரே துறை. 1985-ல் பிரித்தார்கள். 2000 அக்டோபர் 1 முதல் பி.எஸ்.என்.எல். என்று ஆனது. மேலே போர்டு மாறியதே தவிர எங்களுக்குக் குழி அதே குழிதான். எக்ஸ்சேஞ்சிலுள்ள எம்.டி.எஃப்.பிலிருந்து தெருவோரப் பெட்டியான பில்லர், பில்லரிலிருந்து வீடுகளுக்கு லைன் பிரியும் டி.பி., நடுவில் மண்ணுக்குள் வரிசையாக ஜாயின்ட்டுகள். ஆரம்பத்தில் ஈய உறை போட்ட காகிதக் கேபிள். ஒரு துணுக்குக் காகிதத்தைக் கிள்ளிச் சூடான மெழுகில் போடுவோம். நுரைத்தால் ஈரம் ஏறியிருக்கிறது. நல்ல இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் களிமண்ணில், ஐப்பசி அடைமழையில், அது எத்தனை தூரம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு ஜெல்லி கேபிள் வந்தது. ஈரத்தின் தொல்லை பெரிதும் குறைந்தது. எந்தக் கேபிளிலும் ஒழியாதது ஸ்பிளிட்.

மழை, எலி, ஜே.சி.பி. எல்லாவற்றையும்விட எங்களைப் பாடாய்ப் படுத்தியது அதுதான். ஜோடிக் கம்பிகளை முறுக்கி வைத்திருப்பது அழகுக்காக அல்ல. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்; காதுக்குப் பேச்சு மட்டும் வரும். ஜெல்லி கேபிளில் முதல் ஐந்து ஜோடிக்கும் ஒரு கம்பி வெள்ளை. நீலத்தோடு ஒரு வெள்ளை, ஆரஞ்சோடு ஒரு வெள்ளை, பச்சை, பிரவுன், ஸ்லேட் என்று. முறுக்கை அளவுக்கு மீறிப் பிரித்துவிட்டால் ஐந்து வெள்ளையும் ஒரே மாதிரி. நீலத்தின் வெள்ளை ஆரஞ்சுக்குப் போய்விடும். இதுதான் ஸ்பிளிட்.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மறுமுனையில் டெஸ்ட் செய்யும்போது இரண்டு லைனும் வராது. அவசரக்காரன் என்ன செய்வான்? மூடிய ஜாயின்ட்டைத் திறக்கச் சோம்பல். அடுத்த ஜாயின்ட்டில் அந்த இரண்டு வெள்ளையையும் திரும்ப மாற்றிப் போட்டுவிடுவான். இப்போது தொடர்ச்சி பார்க்கும் பஸ்ஸர் பேசும், இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர் சுத்தமாகக் காட்டும், புத்தகத்தில் ‘ஓ.கே.’ ஏறும். ஆனால் நடுவிலுள்ள கேபிளில் இரண்டு லைனும் தவறான ஜோடியில் ஓடிக்கொண்டிருக்கும். மருந்துக் கடைக்காரர் பேசுவது பக்கத்துத் தெரு வக்கீலுக்குக் கேட்கும். எங்கே தப்பு என்று எந்த முனையிலிருந்தும் தெரியாது. ஒரு ஜோடியில் டோன் விட்டு, அடுத்த ஜோடியில் காதை வைத்து, சந்தேகப்பட்ட ஜாயின்ட்டை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். தவறு ஒரு குழியில், அதை மறைத்த கை இன்னொரு குழியில். இரண்டையும் திறந்தால்தான் தீரும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த ஜாயின்ட்டருக்கு இதனால்தான் முறுக்கின் மேல் அப்படி ஒரு வெறி. குழிக்கு மேலே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, “விரக்கடைக்கு மேல பிரிச்சே, கைய ஒடிப்பேன்” என்பார். ஜாயின்ட்டை மூடும் முன் ஒவ்வொரு ஜோடியையும் அவரே தொட்டுப் பார்ப்பார். மழை தூறினாலும் சரி, எக்ஸ்சேஞ்சிலிருந்து அதிகாரி ஜே.டி.ஓ. கத்தினாலும் சரி. அவர் மூடிய ஜாயின்ட்டை நான் திறக்க நேர்ந்ததெல்லாம் ரோடு போடுகிறவர்கள் அறுத்தபோது மட்டும்தான்.

அவர் பிடிவாதத்தின் மதிப்பு 2005-ல் தெரிந்தது. அந்த ஜனவரியில் பிராட்பேண்ட் வந்தது, அதே தாமிரத்தின் மேல். பேச்சுக்கு 3,400 ஹெர்ட்ஸ் போதும், பிராட்பேண்டைச் சுமந்த ஏ.டி.எஸ்.எல். 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை போகும். பேச்சு பொறுத்துக்கொண்ட ஸ்பிளிட்டை இணையம் பொறுக்கவில்லை. 256 கே.பி.பி.எஸ். திட்டம்கூட நிற்காமல் மோடம் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் மோடத்தைத் திட்டினார், பிறகு எங்களைத் திட்டினார். பல வருஷத்துக்கு முன் யாரோ ஒருவன் சோம்பலில் மாற்றிப் போட்ட வெள்ளைக் கம்பியை யாரும் திட்டவில்லை.

ஃபைபரில் ஸ்பிளிட் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோம்பல் இருக்கிறது. வீட்டில் வைக்கும் ஓ.என்.டி. பெட்டியில், சிக்னல் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தால் தம்பிகள் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒளி பலவீனமாகி மைனஸ் 26 டி.பி.எம். காட்டினாலும் விளக்கு அணையும். கனெக்டரில் கொஞ்சம் தூசி படிந்தால், கேபிள் இன்னும் கொஞ்சம் வளைந்தால், மறுபடி எரியும். ஃபைபர் முனையைத் துடைக்காமல் செருகுகிறார்கள். மின்கம்பத்திலும் வேப்பமரத்திலும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எந்த இழை எங்கே போகிறது என்று எழுதி வைப்பதில்லை. பழுது வந்தால் தேடாமல் புது கேபிளை மேலேயே இழுத்துவிடுகிறார்கள். பழையது தெருவில் தொங்குகிறது. வீட்டில் மின்சாரம் போனால் ஓ.என்.டி.யும் போகும். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட்டில் ஓடிய பழைய போனுக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை என்று இவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் நாடு முழுக்கச் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து வெளியேறினோம். எங்களில் பலர் மண்ணுக்குள் இருப்பதை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். தாமிரம் போகட்டும், காலம் அப்படி. வேலையை முடித்ததற்கும் வேலையை மறைத்ததற்கும் வித்தியாசம் தெரிந்த கைகள் அதோடு போயிருக்க வேண்டியதில்லை.

வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை ஃபைபர் போட ஆள் வந்தால், நெட் வருகிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பவர் மீட்டரை வைத்து அளவைக் காட்டச் சொல்லுங்கள், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கொண்டுவரவில்லை என்றால், கொண்டுவந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.