மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு மிஷினை வாங்குங்கள்

பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு டிசம்பர் மாதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அரையாண்டுத் தேர்வு வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக அச்சாக வேண்டும். வெளியிலோ அடைமழை. பிரித்துப்போட்ட காகிதம் ஒரே இரவில் ஈரம் கோத்துவிடும். டோனர் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஈரத்தாள் அதற்குள் போனால் சுருண்டு மாட்டிக்கொள்ளும். அப்போது தொலைபேசியை எடுத்து நாம் யாரைக் கூப்பிடுவோம்? நகலெடுக்கும் மிஷினை வாங்கும் அன்றே இந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதைத்தான் விற்பனையாளர் முதலில் சொல்வார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மாதம் எத்தனை பக்கம் தாங்கும் என்று கேட்க வேண்டும். அதிலும் இரண்டு கணக்கு உண்டு. விளம்பரத்தில் போடுவது உச்ச வரம்பு. நிறுவனமே பரிந்துரைக்கும் மாத அளவு அதைவிட மிகவும் குறைவு. நம் தேவையை அந்தச் சின்ன எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். டோனர் கணக்கும் அப்படியே. 2,000 பக்கம் வரும் என்று அட்டையில் போட்டிருந்தால், பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் மை படும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. படமும் அட்டவணையும் நிறைந்த அறிவியல் வினாத்தாளுக்கு அதில் பாதி வந்தாலே நல்லது.

எந்த மிஷின் நல்லது என்று தெரிய வேண்டுமானால், தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேளுங்கள். மிஷின் ஒரு நாள் நின்றால் அவருக்கு அன்றைய வருமானம் போச்சு. பல கடைகளில் புதுப்பித்து விற்ற பழைய கேனான் ஐ.ஆர். மிஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உதிரி பாகம் உள்ளூரிலேயே கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் நிறைய இருக்கிறார்கள் என்பதுதான் அதற்குக் காரணம்.

பக்கத்துக்கு இத்தனை பைசா என்று மீட்டர் பார்த்து வாடகை வாங்கும் முறையையும் யோசிக்கலாம். இது புதிய ஏற்பாடு இல்லை. 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 மிஷினையே மாதம் 95 டாலர் வாடகைக்குத்தான் பெரும்பாலும் கொடுத்தார்கள். 2,000 பிரதிகள் அதில் அடக்கம், அதற்கு மேல் எடுத்தால் பிரதிக் கணக்கில் காசு. மிஷின் நின்றால் வாடகைக்கு விட்டவருக்கும் நஷ்டம் என்பதால் ஓடிவந்து சரிசெய்வார்.

சொந்தமாக வாங்கினால் ஏ.எம்.சி. எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆள் வந்து பார்ப்பதற்கு மட்டுமா, உதிரி பாகமும் சேர்த்தா? சேர்த்து என்று சொன்னாலும் டிரம், ஃபியூசர், ரோலர் மூன்றும் அதில் உண்டா? இவற்றைத் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கிவிட்டால் ஒப்பந்தத்தில் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. பழுது நீளும்போது மாற்று மிஷின் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நல்ல சர்வீஸ் ஆளை அவர் கை காட்டிக்கொடுத்துவிடும். எங்களிடம் வருபவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பார். டிரேயை உருவி, தாள் இழுக்கும் ரப்பர் ரோலரை ஈரத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைப்பார். துணியில் காகிதத் தூசி வெள்ளையாக வரும். ரப்பருக்குப் பிடிப்புத் திரும்பிவிட்டால் அதோடு வேலை முடிந்தது, புது ரோலர் தலையில் கட்ட மாட்டார். ரீமின் உறையை வேண்டும்போது மட்டும் பிரியுங்கள் என்று எங்கள் உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

இப்படிப்பட்டவர்களின் பில்லைத்தான் பல அலுவலகங்கள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கின்றன. எனக்கு அது பொறுக்காது. அவருடைய பில் என் மேசைக்கு வந்தால் அந்த வாரமே பணம் போய்விட வேண்டும் என்று கணக்குப் பிரிவில் சொல்லி வைத்திருக்கிறேன்.