பால்சோற்றுச் செடி

எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் காகிதப்பூச் செடியைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றிய ஒரு விஷயத்தையும் சேர்த்து எழுதியாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.

காரைக்காலில் யூ.டி.சி.யாக இருந்து 2008-ல் ஓய்வு பெற்றேன். மனைவியின் ஊர் கூத்தாநல்லூர். வீட்டுக்கு ஒருவராவது கப்பலேறியவர் இருக்கும் ஊர், சின்ன சிங்கப்பூர் என்று பெயர் வாங்கிய ஊர். மாமனார் விட்டுச் சென்ற வீட்டைப் பழுதுபார்த்து இங்கேயே வந்துவிட்டோம். பிரிவுபசார விழாவில் மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம் எல்லாம் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் மட்டும் தன் வீட்டுக் காகிதப்பூவில் ஒரு குச்சியை ஒடித்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கடிகாரம் இரண்டு வருடத்தில் நின்றது. குச்சி மதில் உயரத்துக்கு வளர்ந்து, வருடத்தில் எட்டு மாதம் கத்தரிப்பூ நிறத்தில் பூத்துத் தள்ளியது.

பூத்தது என்று சொல்வதுகூடத் தவறு. நாம் பூ என்று பார்ப்பது பூவடி இலை. உள்ளே வெள்ளையாக, கிராம்பு அளவில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் நிஜப் பூ. அதை யாரும் பார்ப்பதில்லை.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். ஆறாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் ‘தீக்தே’ என்று ஒன்று நடத்துவார். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். தப்புக்கு ஒரு மதிப்பெண் போகும். ஒரு தடவை பூகேன்வில் கப்பல் தலைவரின் உலகப் பயணத்தைக் கொடுத்தார். 1766-ல் புறப்பட்ட பயணம். போகும் வழியில் 1767-ல் ரியோ தெ ஜெனிரோவில் கப்பலோடு வந்த தாவரவியலாளர் கொம்மெர்சோன் இந்தக் கொடியைக் கண்டார், தலைவரின் பெயரையே வைத்தார், 1789-ல் ழுஸ்ஸியூ என்பவர் அதைத் தம் நூலில் அச்சேற்றினார் என்று எழுதிக்கொண்டோம். நான் அன்று பதினாறு தப்பு விட்டேன்.

அந்த தீக்தேயில் இல்லாத ஓர் ஆள் உண்டு என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கொம்மெர்சோனுடன் வேலையாளாக வந்தவர் ழான் பாரே என்ற பெண். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது. ஆண் வேடத்தில் ஏறினார். கொம்மெர்சோனுக்குக் காலில் ஆறாத புண். செடி சேகரிக்கும் மூட்டை முடிச்சுகளையும் அழுத்துப் பலகைகளையும் சுமந்துகொண்டு காடு மேடு ஏறியது இந்த அம்மாள்தான். ஆகவே ரியோவில் அந்தக் கொடியை முதலில் ஒடித்தது அவர் கையாகவே இருக்கலாம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கொம்மெர்சோன் 1773-ல் மொரிஷியஸ் தீவில் இறந்துபோனார். அந்த அம்மாள் பிறகு பிரான்ஸ் திரும்பினார். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று சொல்கிறார்கள். 1785-ல் கடற்படை அமைச்சகம் அவருக்கு ஆண்டுக்கு 200 லிவ்ரு ஓய்வூதியம் கொடுத்தது. ஓய்வூதியம் என்றதும் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. 2012-ல் ஒரு கத்தரி இனச் செடிக்கு அவர் பெயரை வைத்தார்கள். காகிதப்பூவில் கப்பல் தலைவர் பெயரே இருக்கிறது.

இனி என் கதை.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி வாசல் தெளிக்க வரும் அம்மா ஒருவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், நடவு வேலையில் ஊறிய கை. 2015 பங்குனியில் ஒரு நாள் வாசலைப் பெருக்கிக்கொண்டே கூப்பிட்டார்.

“சார், இந்தக் கொப்புல மட்டும் பாலு தெளிச்ச மாதிரி எல வந்துருக்கு, பாருங்க.”

நான் பார்த்தேன். மதிலுக்கு வெளிப்பக்கம் நீட்டிய ஒரு சிறு கொப்பில் ஏழெட்டு இலைகளின் ஓரம் வெளுத்திருந்தது. “சத்துக் குறைவும்மா, இரும்புச்சத்து” என்றேன். அன்னபேதி உப்பு வாங்கிக் கரைத்துத் தெளித்தேன். இலை கருகியதுதான் மிச்சம். அடுத்து வந்த துளிரிலும் அதே வெளுப்பு. ஒரே கிளையில் மட்டும் சத்துக் குறையுமா என்று அந்த அம்மாதான் கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவருக்கு அந்தக் கண் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விதைநெல்லுக்கு விடும் வயலில் கலவன் எடுப்பார்கள். ஆடுதுறை 43 என்று விதைத்திருந்தால், அதில் ஒரு பயிர் அரை சாண் உயரமாக நின்றாலும், முன்னாலேயே கதிர் விட்டாலும், நெல்லில் மீசை இருந்தாலும் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். ஆயிரம் பயிரில் வேறுபட்ட ஒன்றைக் கண் தானாகப் போய்ப் பிடிக்க வேண்டும். இருபது வருடம் அந்த வேலை பார்த்தவர் அவர். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. அங்கிருந்து வரும் ரகம் எதுவானாலும் விவசாயி கைக்குச் சுத்தமாகப் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட கண்களால்தான்.

நெல்லில் வேறுபட்டதைப் பிடுங்குகிறோம். அழகுச் செடியில் அதைத்தான் தேடுகிறோம். ஒரு குருத்தின் நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். தோலாகும் மேலடுக்கு, அதற்கு அடுத்தது, அதற்கும் உள்ளே இருப்பது. ஏதோ ஒரு நாள் நடு அடுக்கில் ஒரு செல் பச்சையம் செய்ய மறந்துவிடுகிறது. அதன் வாரிசுகளெல்லாம் வெள்ளை. இலையின் ஓரம் நடு அடுக்கிலிருந்து வருவதால் ஓரம் வெளுக்கிறது. உள்ளடுக்கு நலமாக இருப்பதால் நடுப்பகுதி பச்சையாக நிற்கிறது. இரண்டு விதமான செல்கள் ஒரே செடியில் குடித்தனம் நடத்துகின்றன. இதை விதையிலிருந்து எடுக்க முடியாது. கொப்பை வெட்டி வைத்தோ பதியன் போட்டோதான் பிழைக்க வைக்க வேண்டும்.

நர்சரிக்காரர்கள் ‘வேரிகேட்டா’ என்பதைப் பிரெஞ்சில் ‘பனஷே’ என்போம். பீரில் எலுமிச்சை சோடா கலந்தாலும் அங்கே அதற்குப் பெயர் பனஷேதான். காரைக்கால்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நம் நாட்டில் இந்த வேலை பெரிய அளவில் நடந்திருக்கிறது. ‘மிஸஸ் எச்.சி. பக்’ என்ற காகிதப்பூவில் கல்கத்தாவில் ஒரு கிளை தானாக மாறி, ஒரே செடியில் வெள்ளையும் கத்தரிப்பூ நிறமுமாகப் பூத்தது. அதுதான் ‘மேரி பால்மர்’. அந்த மேரி பால்மரில் ஒரு கிளை இலையும் மாறி, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் பச்சையுமாக வந்தது ‘திம்மா’. இன்று நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் அதைப் பார்க்கலாம். லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தானாக வரும் வரை காத்திருக்காமல், கொப்புகளுக்குக் காமா கதிர் காட்டி ‘லாஸ் பானோஸ் வேரிகேட்டா’, ‘மகாரா வேரிகேட்டா’, ‘பல்லவி’ என்று வரிசையாக எடுத்தார்கள். உலகம் முழுவதற்கும் காகிதப்பூ ரகங்களின் பெயர்ப் பதிவு டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திடம்தான் இருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டு ஒன்று போட்டேன். முதல் பக்கத்தில் தேதி எழுதி, கீழே பிரெஞ்சில் ‘ழெ த்ரூவே’ என்று எழுதினேன். நான் கண்டுபிடித்தேன் என்று அர்த்தம். பெயரும் முடிவு செய்தாகிவிட்டது: ‘பெல் தெ காரிகால்’, காரைக்கால் அழகி. கூத்தாநல்லூரில் முளைத்ததற்குக் காரைக்கால் பெயரா என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

ஆடியில் பென்சில் கனத்தில் பன்னிரண்டு கொப்பு வெட்டி வேர் ஊக்கிப் பொடி தொட்டு மணலில் வைத்தேன். மூன்றுதான் பிடித்தது. அதில் ஒன்று மூன்றாவது மாதமே முழுப் பச்சைக்குத் திரும்பிவிட்டது. இன்னொன்றில் முழு வெள்ளையாகத் துளிர் வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. பச்சையம் இல்லாததால் பட்டினியில் செத்தது. மிஞ்சியது ஒன்று. இந்தச் செடியை வளர்ப்பதில் பாதி வேலை வெட்டுவதுதான். பச்சைத் துளிர் வேகமாக ஓடும், விட்டால் ஒரு வருடத்தில் மொத்தத்தையும் மூடிவிடும். செழிப்பாக வருவதைத் தேடித் தேடி வெட்ட வேண்டும். அந்த அம்மாவுக்கு அது பிடிக்காது. “நல்லா வர்றத வெட்டிட்டு நோஞ்சானுக்குத் தண்ணி ஊத்துறீங்களே” என்பார். வெட்டியதையெல்லாம் குப்பைக்கு எடுத்துப் போவதும் அவர்தான்.

2017-ல் மூன்று தொட்டி ஆனது. வெளியூர் நர்சரிக்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாருக்கு என்ன கண்ணு! லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இது கண்ணுல படும்” என்றார். அந்த அம்மா டீ டம்ளருடன் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். எழுத்தர் தேடி எடுத்து நாலு பக்கம் எழுதுவார். அதிகாரி அடியில் கையெழுத்துப் போடுவார். மேலிடத்துக் கடிதத்தில் அதிகாரிக்குப் பாராட்டு வரும். அதைப் பற்றி நான் புலம்பாத டீக்கடை காரைக்காலில் கிடையாது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாய்ச்செடி மதிலோடு சாய்ந்தது. கொல்லை மாமரம் மூன்று தொட்டிகளின் மேலேயே விழுந்தது. காகிதப்பூவுக்கு வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், காலில் தண்ணீர் நின்றால் தாங்காது. நம் களிமண்ணோ தண்ணீரை விடாது. மரத்தை அறுத்து அகற்ற ஆள் கிடைப்பதற்குள் எல்லாம் அழுகிவிட்டது. மின்சாரம் இல்லை. அந்த அம்மாவும் வேலைக்கு வரவில்லை.

பத்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். எப்போது வேலைக்கு வருவார் என்று தெரிந்துகொள்வதும் மனதில் இருந்தது. அவர் வீட்டின் கூரை முழுதாகப் போயிருந்தது. தார்ப்பாய் கட்டிச் சமையல் நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அன்றுதான் நான் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போகிறேன் என்பது வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

அடிபம்பு ஓரம் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில், முழங்கால் உயரத்தில், ஓரம் வெளுத்த இலையோடு காகிதப்பூ நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். “நீங்க வெட்டிப் போட்டதுல ஒரு குச்சி சார். குப்பையில போட மனசு வரல. புள்ளைங்க அதப் பால்சோறுன்னு கூப்புடுதுங்க.” அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டிருந்ததால் தண்ணீர் நிற்கவில்லை. பம்புத் திட்டின் மறைவில் இருந்ததால் காற்றிலும் ஒடியவில்லை.

“எடுத்துக்கிட்டுப் போங்க சார், உங்களுதுதான். ஆனா வெட்டி வெட்டிச் சாவடிக்காதீங்க.”

டப்பாவை எடுக்கவில்லை. கூரை வேலைக்கு என்னால் ஆனதைக் கொடுத்துவிட்டு, மூன்று கொப்பு மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு பிடித்தது. இன்று எங்கள் வாசலில் நிற்பதும், இதுவரை ஊரில் நான் கொடுத்த பத்துப் பதினைந்து கன்றுகளும் அந்த டப்பாச் செடியின் வழி வந்தவை. கொப்புக்குக் கொப்பு ஐந்து தலைமுறை பார்த்துவிட்டேன். ஓரம் பாலாடை நிறம், நடுவில் சாம்பல் பூத்த பச்சை, பூவடி இலை பழைய கத்தரிப்பூ நிறம். இப்போது பச்சைக்குத் திரும்புவது குறைந்துவிட்டது.

புதிய ரகமா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல மாட்டேன். இதே நிறச் சேர்க்கையில் நர்சரிகளில் பல உண்டு. 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை கேட்டால் மற்றதிலிருந்து வேறுபட்டிருக்கிறதா, எல்லாச் செடியும் ஒரே மாதிரியா, தலைமுறை மாறினாலும் நிலைக்கிறதா என்று மூன்றையும் சோதிப்பார்கள். அவ்வளவு தூரம் போக எனக்கு ஆசையில்லை. பெயரைப் பதியவாவது எழுதிப் பார்ப்போம் என்று விவரங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். எந்த ரகத்திலிருந்து வந்தது, எப்படித் தோன்றியது, கண்டறிந்தவர் யார்.

போன வாரம் நோட்டை எடுத்து முதல் பக்கத்து மூன்று சொல்லையும் அடித்துவிட்டு அந்த அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இந்தக் கட்டுரையில் அவர் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதிவுத் தாளில் போடலாமா என்று கேட்டேன். சிரித்தார்.

“எந்தப் பேரு சார் போடுவீங்க? ரேஷன் கார்டுல ஒண்ணு இருக்கு, ஆதார்ல ஒண்ணு இருக்கு.”

இரண்டையும் வெள்ளிக்கிழமை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ரகத்தின் பெயர் என்ற இடத்தில் பால்சோறு என்று எழுதியாகிவிட்டது. மனைவி பார்த்துவிட்டு, ‘சோற்று’க்கு ஒற்று வருமா என்று கேட்கிறாள். பிரெஞ்சில் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?